குன்றுக்குப் பின்னால் நேரலை

மார்ச் மாதத்தின் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை காலை, நகருக்கு வெளியே உள்ள பந்தயத் தடத்தில் கார்கள் புறப்படத் தயாராக நின்றன. தம்பியின் காருக்குள் கேமராவைப் பொருத்தி, படத்தை நேரலையாக அனுப்புவது அக்காவின் வேலை. போன பந்தயத்தில், குன்றுக்குப் பின்னால் இருக்கும் வளைவில் சிக்னல் குறைந்து படம் உறைந்துவிட்டது. இன்னொரு முறை அப்படி நடந்தால் வேறு ஆளைப் போட்டுவிடுவதாக ஒளிபரப்பு இயக்குநர் சொல்லியிருந்தார்.

இந்த முறை அவள் படத்தின் தரத்தைப் பாதியாகக் குறைத்திருந்தாள். மெலிந்த படம் மெலிந்த சிக்னலிலும் நுழைந்து வந்துவிடும் என்பது அவள் கணக்கு.

"என்னம்மா இது? மத்த கார்ப் படமெல்லாம் பளிச்சுன்னு இருக்கு. உன்னோடது கழுவாத ஜன்னல் மாதிரி இருக்கே!" என்றார் இயக்குநர்.

"இருக்கட்டும் சார். குன்றுக்குப் பின்னாடி போனதும் பாருங்க."

காரிலிருந்து தம்பி ரேடியோவில் கேட்டான்: "அக்கா, என் மூஞ்சி நல்லா தெரியுதா?"

"ஹெல்மெட்டுக்குள்ள ஏதுடா மூஞ்சி? ரோட்டைப் பாத்து ஓட்டு."

பந்தயம் தொடங்கி, கார்கள் குன்றைச் சுற்றின. ஒளிபரப்பு அறைச் சுவரிலிருந்த மற்ற கார்களின் திரைகள் ஒவ்வொன்றாக உறைந்தன. அவளுடையது மட்டும் கலங்கலாக, ஆனால் நிற்காமல் ஓடியது. அதில் தம்பி உள்பக்கமாக நுழைந்து, முன்னால் போன காரை முந்தினான்.

"அதைப் போடு! அதையே போடு!" என்று இயக்குநர் கத்தினார். வீடுகளில் உட்கார்ந்திருந்தவர்கள் அதை அப்போதே பார்த்தார்கள்.

தம்பி நான்காவதாக வந்தான். அடுத்த பந்தயத்தின் கேமரா வேலையும் அக்காவுக்கே கிடைத்தது.