பளபளப்பான வரைபடம்

அத்தானின் காலுக்கு மாவுக்கட்டுப் போட்டது அக்காவேதான். ஆஸ்பத்திரியில் கட்டுப் போடும் அறையில் அவளுக்குப் பதினோரு வருட வேலை. ஈர மாவுத்துணியைச் சுற்றி முடித்தாள். கையைக் கழுவிவிட்டு என்னிடம் திரும்பினாள்.

"அந்த மேப்பை எடுடா."

நீர்த்தேக்கத்தில் மீன்பிடிக்கப் போகலாமென்று நான்தான் அத்தானைக் கிளப்பியிருந்தேன். வரைபடம் வாங்கியதும் நான்தான். நனையாத தாள், அட்டையில் வாய் பிளந்த மீன். மேற்கு வளைவில் பன்னிரண்டு அடி ஆழம் என்று போட்டிருந்ததை நம்பிப் படகை விரட்டினேன். தண்ணீருக்கு ஒரு முழம் கீழே பாறை. படகு அப்படியே நின்றது, அத்தான் நிற்கவில்லை. முன்பலகையில் மோதிக் கணுக்கால் இரண்டு இடத்தில் முறிந்தது.

அக்கா தாளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். அடி மூலையில், எறும்பு சைஸில், அளவெடுத்த வருடம். பத்தொன்பது வருடப் பழசு.

அரை மணி நேரத்தில் அதை வாங்கிய கடையில் நின்றோம். கடைக்காரர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

"படத்துல தப்பு இல்லம்மா. நடுவுல அணையோட மட்டத்தைக் குறைச்சுட்டாங்க. தண்ணிதான் இறங்கிப்போச்சு."

"அப்போ தண்ணி மேலதான் கேஸ் போடணுமா?"

கடையில் இருந்தவர்கள் திரும்பினார்கள். அக்கா குரலைத் தாழ்த்தவில்லை. "மட்டம் குறைஞ்சது உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சே வித்திருக்கீங்க. புதுசா அளவெடுத்தது இருக்கா, இல்லையா?"

அவர் தயங்கித் தயங்கி மேசைக்கு அடியிலிருந்து ஒரு மங்கலான தாளை உருவினார். மீன் படமில்லை, பளபளப்பில்லை. ஆழக்கோடுகள் நெருக்கமாக ஓடின. போன வருடத்து அளவு. மேற்கு வளைவு முழுக்கச் சிறு சிலுவைக்குறிகள், எல்லாம் பாறைகள்.

"இதை ஏன் இவன்கிட்ட காட்டல?"

"யாரும் கேக்கறதில்லம்மா. மீன் படம் இல்லாட்டி கையிலயே எடுக்க மாட்டாங்க."

எனக்கு முகம் எரிந்தது. அந்த ஆளின் சட்டையைப் பிடிக்கலாம் போலிருந்தது. ஆனால் அவர் சொன்னது என்னைத்தான்.

அக்கா தடித்த பேனா ஒன்றை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். "ரேக்குல இருக்கிற ஒவ்வொண்ணுலயும் அட்டை மேலயே வருஷத்தை எழுதுங்க. பெருசா. நான் நின்னு பார்க்கறேன்."

"இதெல்லாம் அப்புறம் விக்காதும்மா."

"விக்க வேணாம்."

இருபத்தாறு வரைபடங்கள். முணுமுணுத்துக்கொண்டே எழுதினார். தூண்டில் வாங்க வந்த ஒருவர் கையிலெடுத்த மீன்பட மேப்பைத் திரும்ப வைத்துவிட்டு மங்கலான தாளைக் கேட்டார்.

கோபம் அங்கேயே தீர்ந்திருக்கும் என்று நினைத்தேன். பஸ்ஸில் ஏறியதும் என் பக்கம் திரும்பினாள்.

"அவன் வியாபாரி. நீ படிச்சவன்தானே? மூலையைப் பார்க்க ஒரு நிமிஷம் ஆகுமா?"

கையிலிருந்த பழைய மேப்பைச் சுருட்டிக்கொண்டேன்.

"கட்டுப் பிரிக்கிற வரைக்கும் அவரைக் குளிப்பாட்டறது நீதான்."

வெறும் பேச்சு என்றிருந்தேன். மறுநாள் காலை ஆறு மணிக்கு ஃபோன் அடித்தது.