பிரயோங் அக்காவும் உடும்பும்

தோன்புரிப் பக்கத்துக் கால்வாய்கள் பலவும் இப்போது சாலையாகிவிட்டன. எங்கள் வீடு இருந்த இடத்தில் கார் கழுவுகிறார்கள். ஆனாலும் மழை ஓய்ந்த காலையில் எங்கிருந்தாவது சேற்று வாசனை வந்தால் எனக்கு என் நாத்தனார் பிரயோங் ஞாபகம்தான் வருகிறது. கூடவே அந்த உடும்பும்.

அப்போது நான் கல்யாணமாகி வந்த புதிது. நான் வடகிழக்கு வறண்ட சீமைக்காரி என்பதால் அக்காவுக்கு என்னைப் பிடிக்கவில்லை. நேராக ஒரு வார்த்தை பேசமாட்டாள். என் கணவர் புன்லெர்ட் வழியாகத்தான் சேதி வரும். மணல் ஏற்றும் படகில் அவர் வெளியூர் போய்விட்டால் பூனையிடம் சொல்லுவாள்.

"ஏ பூனை, சோத்துல தண்ணி கம்மின்னு அவகிட்ட சொல்லு."

நானும் பூனையிடமே பதில் சொல்லப் பழகியிருந்தேன்.

வெள்ளம் வடிந்த சமயம். அக்கா தேங்காய்ப் பணியாரம் விற்கும் படகை எடுக்கப் படித்துறைக்கு இறங்கினவள், வீல் என்று கத்தினாள். ஓடிப்போய்ப் பார்த்தேன். தண்ணீருக்கு மேல் தூண்களில் நின்ற எங்கள் வீட்டுக்கு அடியில், ஒரு தூண் ஓரமாக, ஆள் நீளத்துக்கு ஓர் உடும்பு. இடுப்பெலும்பு துருத்திக்கொண்டு, கண் குழிவிழுந்து கிடந்தது. ஒரு பக்கத் தாடை வீங்கியிருந்தது.

எங்கள் நாட்டில் அதன் பெயரே கெட்ட வசவு. வீட்டுக்கு வந்தால் பீடை என்பார்கள். அதனால் வாய் நிறையக் கொஞ்சித்தான் அனுப்ப வேண்டும். அக்கா கைகூப்பினாள்.

"தங்கமே, வெள்ளியே, வந்தது வந்துட்ட, நல்லதைக் குடுத்துட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போயிடு ராசா."

அந்தப் பக்கத்து வீட்டு சவாத் மாமா படகிலிருந்தே எட்டிப் பார்த்தார். "இங்க எதுக்கு அனுப்புற? ஒரே அடி அடிச்சா விக்கத் தோலாச்சு. கறிய உன் தம்பி பொண்டாட்டி பச்சை மிளகு போட்டு வதக்கிடுவா. அவங்க ஊர்ல ஓடுறது எதையும் விடமாட்டாங்களாமே?"

"நாக்கு நீளமா இருக்கறதைத்தான் முதல்ல வதக்குவோம் மாமா," என்றேன். அக்கா சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சிரிப்பை மறைக்கிறாள் என்று தோன்றியது.

குனிந்து பார்த்தேன். வாயோரம் நைலான் நூல் ஒன்று தொங்கியது. தூண்டில் முள் தாடையைத் துளைத்து உள்ளே நின்றிருந்தது. இரை எடுக்க முடியாமல் வாடியிருக்கிறது.

"பூனை, இது நோய் இல்ல, முள்ளு. எடுத்தா பிழைச்சுக்கும்னு அக்காகிட்ட சொல்லு."

"பூனை, கடிச்சா கை போயிடும்னு சொல்லு."

"பூனை, நம்ம வீட்டுக்கடியில செத்தா நல்லாருக்குமான்னு கேளு."

 அக்கா மேலே ஏறிப் போய்ப் பழைய கோரைப் பாயும் குறடும் எடுத்து வந்தாள்.

நனைத்த துணியை அதன் கண்மேல் போட்டேன். கண் மறைந்ததும் அடங்கிப்போனது. பாயைப் போட்டுச் சுற்றினோம். நான் முள்ளின் நுனியை வெளிப்பக்கமாகத் தள்ளிக் குறடால் நறுக்கியதுதான் தாமதம், அத்தனை நேரம் செத்தது போலக் கிடந்த உடும்பு உடம்பை முறுக்கி வாலைச் சுழற்றியது.

"பிடிடி! வாலைப் பிடிடி! அய்யோ, என்னை இழுக்குதுடி!"

இரண்டு பேரும் சேற்றில் விழுந்தோம். உடும்பை மட்டும் விடவில்லை. மிச்ச முள்ளை உருவி, சீழைப் பிதுக்கி, உப்புத் தண்ணீர் ஊற்றினோம். பிறகுதான் அக்கா என்னிடம் நேராகப் பேசிவிட்டது இருவருக்கும் உறைத்தது. ஒருவரையொருவர் பார்த்தோம். அவள் மூக்கிலிருந்து சேறு சொட்டியது. எனக்குச் சிரிப்பு பீறிட்டது. அவளும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

விரிசல் விட்ட பெரிய தண்ணீர்ச் சாடியைக் கொஞ்சம் வெயிலும் கொஞ்சம் நிழலும் விழும்படி கிடத்தி, அதை உள்ளே விட்டோம். அன்று முழுக்க ஒன்றும் கொடுக்கவில்லை. அடுத்த நாள் அக்கா முட்டையை ஒரு மட்டையில் வைத்து நீட்டினாள்.

"நோஞ்சானுக்குத் திணிக்கக்கூடாதுக்கா. பக்கத்துல வெச்சுட்டு வந்துடுங்க. வேணும்னா எடுத்துக்கும்."

"உனக்கு யார்டி இதெல்லாம் சொன்னது?"

"எங்கப்பா. உடும்பு பிடிக்கிறவரு. பிடிக்கிற கை காப்பாத்தவும் பழகணும்னு சொல்லுவாரு."

அவள் சாடிப் பக்கம் உட்கார்ந்து என் அப்பாவைப் பற்றியும் எங்கள் ஊர் உப்பு மண்ணைப் பற்றியும் கேட்டுக்கொண்டே இருந்தாள். பணியாரத்துக்கு மாவு கரைக்கும்போதும் கேட்டாள். அந்த நாட்களில் நாங்கள் பேசிய பேச்சுக்கு அளவே இல்லை. சில நாளில் தாடை வற்றியது. முட்டை காணாமல் போகத் தொடங்கியது. பின்பு ஒரு காலையில் சாடி வெறுமையாக இருந்தது. சவாத் மாமாவின் வாத்துகளும் கத்தின.

"உங்க உடும்பு என் வாத்தைத் தூக்கிடுச்சு!" என்று அவர் கூச்சலிட்டார்.

"எங்க வீட்டுல உடும்பே இல்லியே மாமா," என்றாள் அக்கா, முகம் மாறாமல்.

அடுத்த வாரம் புன்லெர்ட் வந்தார். நாங்கள் ஒரே தட்டில் மீனும் சோறும் பிசைந்து தின்றுகொண்டிருந்ததைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டார்.

"வீடு மாறி வந்துட்டேனா?"

"உக்காருடா, உன் பொண்டாட்டி வெச்ச குழம்பு ஆறுது," என்றாள் அக்கா.