ஜெபக் குறிப்பு

கண்ணை மூடியிருக்கும்போதுதான் அந்தப் பெண்களுக்குக் காது நன்றாகத் திறக்கும். புதன்கிழமை சாயங்காலம் சபைப் பெண்களின் ஜெபக் கூட்டம்; அதை நடத்தும் ஜெப அக்காவின் முன்னறையில் பன்னிரண்டு நாற்காலி. யார் வீட்டில் சண்டை, யார் மகள் யாரோடு பேசுகிறாள், யாருக்கு எந்த இடத்தில் கட்டி, எல்லாம் அங்கே ஆண்டவருக்கு அறிவிக்கப்படும். அவருக்கு ஏற்கெனவே தெரியுமே என்று யாரும் நினைப்பதில்லை. பக்கத்து நாற்காலிக்குத் தெரியாதே, அதுதான் அவர்கள் கவலை.

சிடுமூஞ்சிக்கு இதெல்லாம் அருவருப்பு. ஆஸ்பத்திரி மருந்துக் கிடங்கில் பெட்டி பிரித்து அடுக்குவது அவள் வேலை. பட்டப்பெயரும் அங்கே கிடைத்ததுதான். வாராவாரம் கூட்டத்துக்குப் போவாள், வாராவாரம் வந்து திட்டுவாள். "வம்புக்கு ஆமென் போடுற கும்பல்" என்பாள். அப்படிப்பட்டவள்தான் போன வாரம் வாயை விட்டாள்.

விஷயம் அவளுடையதுகூட இல்லை. கிடங்குச் சாவியை ஏழு வருஷமாகக் கழுத்துக் கயிற்றில் மாட்டியிருக்கும் தோழியுடையது. எல்லோருக்கும் அவள் சாவிக்காரி. எந்தச் சபைக்கும் போகாதவள். ஆனால் அவள் காவலில் ஒரு மாத்திரை அட்டை காணாமல் போனதில்லை. அவள் எல்லோரிடமும் சொல்லிவந்ததுபோல் புருஷன் வெளியூரில் வேலை பார்க்கவில்லை, திருட்டு கேஸில் ஜெயிலில் இருக்கிறான். அதைச் சிடுமூஞ்சியிடம் மட்டும் சொல்லி அழுதிருந்தாள். "உன் காதோட போகட்டும்" என்றும் சொல்லியிருந்தாள்.

அன்று கூட்டம் முடிந்ததும் ஜெப அக்கா சிடுமூஞ்சியின் கையைப் பிடித்துக்கொண்டு, "என்னம்மா, மனசுல ஏதோ பாரமா இருக்கே? சொன்னாத்தானே ஜெபிக்க முடியும்?" என்று கேட்டாள். சிடுமூஞ்சி கொட்டிவிட்டாள். பேரைச் சொல்லவில்லை என்று பிறகு தன்னைத் தேற்றிக்கொண்டாள். 'என்கூட வேலை செய்யுறவ' என்றிருந்தாள். கிடங்கில் இருந்ததே இரண்டு பெண்கள்.

இந்தப் புதன்கிழமை அக்கா கண்ணை இறுக மூடிக் குரலைக் குழைத்தாள். "ஆண்டவரே, மருந்துக் கிடங்குல ஒரு சகோதரி... புருஷன் திருட்டு கேஸ்ல சிறையில இருக்கான்... நீர் இரங்கும் ஐயா." எதிர் நாற்காலியில் கிடங்கு அதிகாரியின் மனைவி. அவள் போட்ட ஆமென்தான் எல்லாரையும்விட உரக்கக் கேட்டது.

மறுநாள் காலை அதிகாரி சாவிக்காரியை அறைக்கு அழைத்துச் சாவியை வாங்கிக்கொண்டார். காரணம் சொல்லவில்லை. வெளியே வந்தவள் முகத்தில் ஈயாடவில்லை. அடுத்து சிடுமூஞ்சியைக் கூப்பிட்டார். மேசைக் கண்ணாடிக்கு அடியில் பைபிள் வசன அட்டை, அதற்கு மேலே சாவி.

"இனிமே இது உன்கிட்ட இருக்கட்டும்மா. நம்ம சபைப் பிள்ளை, நம்பலாம்."

சிடுமூஞ்சி சாவியைத் தொடவில்லை. அதுவரை அவள் வெறுத்தவர்கள் அத்தனை பேரும் தன்னைவிட எவ்வளவோ தேவலை என்று தோன்றியது.

"சார், இத்தனை வருஷத்துல அவ எதை எடுத்தா?"

"எதுவும் எடுக்கலம்மா. இருந்தாலும் ஒரு முன்ஜாக்கிரதை."

"என்கிட்ட ஒரே ஒரு ரகசியத்தைக் குடுத்து வெச்சா. அதைக் காப்பாத்தத் துப்பில்லாதவகிட்டயா சாவியைக் குடுக்கறீங்க?"

"ஜெபத்துலதானேம்மா சொன்னாங்க. யாரும் தப்பாச் சொல்லலையே" என்றார் அவர். அந்த மனுஷன் அதை மனசார நம்பியதுதான் கொடுமை.

"அப்போ சரி. வர்ற புதன்கிழமை நானும் ஜெபிக்கறேன். தப்பே பண்ணாதவகிட்டேருந்து சாவியைப் புடுங்கின அதிகாரிக்காக. பேரைச் சொல்லியே ஜெபிக்கறேன்."

அதிகாரி சாவியை அவள் பக்கம் தள்ளி, "என்னமோ பண்ணுங்க" என்றார்.

சாவிக்காரி ஊசி மருந்துப் பெட்டி ஒன்றைப் பிரித்துக்கொண்டிருந்தாள். 'ஜெப அக்கா போட்டு உடைச்சிட்டா' என்ற வார்த்தை சிடுமூஞ்சியின் நாக்கு நுனியில் தயாராக நின்றது. அதில் பொய்யும் இல்லை. அவள் அதை விழுங்கிவிட்டுச் சாவியை மேசைமேல் வைத்தாள்.

"நான்தான் சொன்னேன். ஜெபத்துக்காகன்னு சொல்லிக்கிட்டேன். அது இல்ல. சொல்ல ருசியா இருந்துச்சு, சொன்னேன். என்னை மன்னிச்சிடு."

சாவிக்காரி கயிற்றைக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். குப்பிகளைத் தட்டில் அடுக்கினாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"ஒண்ணு கேக்கறேன், செய்வியா?"

"சொல்லு, என்ன வேணாலும் செய்யறேன்."

"எனக்காக ஜெபம் மட்டும் பண்ணாதே."