கழற்றலாமா, வேண்டாமா

"இந்த வண்டிய ஓட்டிக்கிட்டு வீட்டுக்குப் போயிடாதீங்க மேடம். ஏத்தத்துல லாக் ஆயிடும்."

ராஜசேகர் இதைச் சொன்னபோது மணி பன்னிரண்டு. தீவின் துறைமுகத்தை ஒட்டிய ஃபீனிக்ஸ் பே பக்கம் புதிதாக ஒர்க்‌ஷாப் போட்டிருப்பவன். வெள்ளைச் சட்டையில் மருந்துக்குக்கூட ஒரு சொட்டு எண்ணெய் கிடையாது. கையிலிருந்த கருவியை வண்டியில் சொருகி, அதில் ஓடிய எண்களைப் பார்த்து, ஐந்தே நிமிடத்தில் தீர்ப்பு எழுதிவிட்டான். கியர்பாக்ஸ் போச்சு, கழற்றிச் சென்னைக்கு அனுப்பியாக வேண்டும்.

"இன்னிக்கு சாயங்காலம் கப்பல். ரெண்டு மணிக்குள்ள சாவி குடுத்தீங்கன்னா நாலு பேரை விட்டுக் கழட்டி ஏத்திடுவேன். விட்டா அடுத்த கப்பலுக்குப் பன்னெண்டு நாள். சோச் லோ மேடம், யோசிச்சுக்குங்க."

"திரும்பி எப்ப வரும்?"

"மெயின்லேண்ட் வேலை. ரெண்டு மாசம், மூணு மாசம். நாம என்ன சொல்ல முடியும்?"

சின்ன வயதில் போலியோ வந்து சூம்பிப்போன இடது கால் உமா மகேஸ்வரிக்கு. கிளட்ச் மிதிக்க முடியாது. நாற்பத்திரண்டு வயதுவரை யாராவது ஏற்றிக்கொண்டு போனால்தான் போக்கு என்று கிடந்தவள். போன வருஷம், மாற்றலாகிப் போன ஒரு மெயின்லேண்ட் அதிகாரி, பல அதிகாரிகளைப் போல வண்டியை இங்கேயே விற்றுவிட்டுப் போனார். அதை இவள் வாங்கினாள். கியர் தானாக மாறும் வண்டி. அதற்குப் பிறகுதான் சௌல்தாரியில் வீட்டிலேயே விடியலில் இட்லி அவித்து, ஐந்தரைக்குள் படகுத்துறை ஜெட்டிக்குக் கொண்டுவந்து, படகு ஊழியர்கள் நாற்பது பேருக்குக் கொடுக்கும் தொழில் அமைந்தது. மூன்று மாதம் வண்டி இல்லையென்றால் நாற்பது வயிறும் வேறு கை பார்த்துப் போய்விடும். பழையபடி அவள் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

"யோசிச்சு சொல்றேன்" என்று வண்டியில் ஏறிக்கொண்டாள். பக்கத்து வீட்டு ஷோபாவுக்குப் போன் போட்டாள்.

"சாத்தம் பாலத்துக்கு இந்தப் பக்கம் ஜெகநாதன்னு ஒருத்தர் இருக்காருக்கா. நாலு வார்த்தை பேச மாட்டாரு. ஆனா ஆட்டோமேட்டிக் கியர் வேலை பண்ணுவாருன்னு கேள்வி."

கேள்விதான். பண்ணிப் பார்த்தவர் யாரென்று ஷோபாவுக்கும் தெரியாது. இந்த ஊரில் வண்டி ரிப்பேர் பண்ணாதவன் யார்? ஸ்பேனர் வைத்திருப்பவனெல்லாம் மெக்கானிக்.

சாத்தம் போகும் வழியில் ஒரு ஏற்றம். பாதியில் வண்டி உதறத் தொடங்கியது. எஞ்சின் கத்துகிறது, சக்கரம் நகர மறுக்கிறது. பின்னால் லாரிக்காரன் ஹாரனை விடாமல் அழுத்தி, "அரே, சலாவ் நா!" என்று ஓட்டச் சொல்லிக் கத்தினான். உமா ஸ்டியரிங்கை இறுகப் பிடித்து ஆக்ஸிலரேட்டரை இன்னும் மிதித்தாள். வண்டி ஒரு வெட்டு வெட்டி முன்னால் பாய்ந்தது. முருகனைக் கூப்பிட்டுக்கொண்டே மேடேறினாள்.

ஜெகநாதனின் பட்டறை நாலு தூணும் தகரமும்தான். ஐம்பது தாண்டிய ஆள். அவள் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, வண்டியை மேடையில் ஏற்றிக் கீழே புகுந்தார். உமா ஸ்டூலில் உட்கார்ந்து குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். கண் அந்தப் பக்கம் இந்தப் பக்கம் போனால் நல்ல பாகத்தைக் கழற்றிக்கொண்டு கெட்டதை மாட்டிவிடுவார்கள் என்று கேள்விப்பட்டிருந்தாள்.

கியர்பாக்ஸின் அடிமூடியைத் திருகி எண்ணெயை இறக்கினார். தொட்டு மோந்தார். பிறகு அந்த மூடியைத் துடைத்து, அதிலிருந்து ஏதோ ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மெதுவாக அதைச் சட்டைப் பைக்குள் போட்டார்.

உமாவுக்குச் சுர்ரென்று ஏறியது. "என்னண்ணே எடுத்தீங்க? என் வண்டியிலேருந்து என்ன எடுத்துப் பையில போட்டீங்க?"

அவர் பையைக் கையால் மூடிக்கொண்டார்.

"வெளிய எடுங்க! நொண்டிதானே, ஓடி வந்து பிடிக்கவா போறான்னு நெனைச்சீங்களா?"

அவர் முகம் சுண்டிப்போனது. பையிலிருந்து எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார். ஒரு சின்னச் செம்பு வளையம்.

"கசியாம இருக்க மூடிக்கு அடியில போடற வாஷர்க்கா. கம்பெனி வாஷர் அலுமினியம். இது நான் வெட்டினது. படகு எஞ்சின் செம்புக் குழாய்லேருந்து."

அவளுக்குப் புரியவில்லை.

"இந்த வண்டி முன்னாடி ஒரு ஆபீசரோடது. அவருக்கு நான்தான் எண்ணெய் மாத்தினேன். அப்ப புயல், பதினெட்டு நாள் கப்பல் இல்ல. இந்த பாக்ஸுக்குன்னு தனி எண்ணெய் உண்டு, அது ஊர்லயே கெடையாது. ஸ்டியரிங்குக்கு ஊத்தற எண்ணெய் இருந்துச்சு. அதுவும் செவப்பு, இதுவும் செவப்பு. வெளுத்ததெல்லாம் பாலுன்னு ஊத்திட்டேன். இங்க எல்லாத்துக்கும் அப்படித்தானே செய்யறோம், கெடைச்சத வச்சு ஓட்டறோம். இன்னொரு வண்டி இதே மாதிரி உதறி வந்தப்பதான் என் தப்பு எனக்கே தெரிஞ்சுது. அதுக்குள்ள ஆபீசர் போயிட்டாரு. வண்டியும் மெயின்லேண்ட் போயிருக்கும்னு நெனைச்சேன். விசாரிக்கல. விசாரிக்கப் பயம்."

உமாவுக்கு அந்த ஆளை அறைய வேண்டும்போல் இருந்தது. எட்டு மாதமாக ஒவ்வொரு ஏற்றத்திலும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட்டியது இந்த மனிதன் கைங்கரியம்!

"இப்பக்கூட மறைக்கத்தானே பாத்தீங்க?"

"ஆமாக்கா," என்றார். "மறைக்கத்தான் பாத்தேன்."

போன் அடித்தது. ராஜசேகர். மணி ஒன்று நாற்பது.

"மேடம், ஆளுங்க வெயிட்டிங். சாவி வருதா?"

"பாக்ஸ்ல இருந்த எண்ணெய இறக்கிப் பாத்தீங்களா தம்பி?"

"அதெல்லாம் எதுக்கு மேடம்? கம்ப்யூட்டரே சொல்லிடுச்சு."

அவள் போனைக் காதிலிருந்து இறக்கினாள். "சரியான எண்ணெய் உங்ககிட்ட இருக்கா?" என்று ஜெகநாதனிடம் கேட்டாள்.

"அந்தத் தப்புக்கப்புறம் கையிருப்பு இல்லாம இருக்கறதில்ல. மூணு தடவ ஊத்தி இறக்கினா பழசு போயிடும். உள்ள பிளேட்டு தீஞ்சிருந்தா எண்ணெய் காப்பாத்தாது. சத்தியமா இப்ப சொல்ல முடியாதுக்கா. அப்படி இருந்தா பன்னெண்டு நாள் உங்களுக்கு நட்டம், அதையும் யோசிச்சுக்குங்க."

அவசரத்தில் அண்டாவுக்குள்ளும் கை போகாது என்பார்கள். இரண்டு மணிக்கு இன்னும் இருபது நிமிடம்தான்; அவளுக்கு மூளையே ஓடவில்லை. ஒருத்தன் தப்பே செய்யாதவன், திறந்தே பார்க்காதவன். இன்னொருத்தன் கெடுத்தவன். கெடுத்த கையில் மறுபடியும் கொடுப்பவள் புத்திசாலியா? யாரைக் கேட்டாலும் சிரிப்பார்கள்.

"கழட்ட வேண்டாம் தம்பி," என்று போனில் சொன்னாள். "கப்பல் போகட்டும்."

மூன்று முறை ஊற்றி இறக்கி, நான்காவதாகப் புது எண்ணெய் நிரப்பி முடித்தபோது மணி ஐந்து. கப்பல் கிளம்பும் சங்கொலி துறைமுகத்திலிருந்து கேட்டது.

"நீங்களே ஓட்டுங்கக்கா. நான் பக்கத்துல உக்காந்துக்கறேன்."

மத்தியானம் உதறிய அதே ஏற்றம். கால் மிதித்தது. வண்டி ஏறியது. பாதி தாண்டியது. உதறல் இல்லை. முக்கால் வந்தபோது, மிக லேசாக, ஒரே ஒரு நடுக்கம் அவள் உள்ளங்கைக்கு எட்டி மறைந்தது. கவனிக்காதவர்களுக்குத் தெரிந்தே இருக்காது.

அவருக்கும் தெரிந்ததா என்று பார்க்க, அவள் அதைச் சொல்லாமல் ஓட்டினாள். இந்த ஆள் இப்போது என்ன சொல்லப் போகிறார்? எல்லாம் சரியாகிவிட்டது என்று பொய் சொன்னால், போன கப்பலை நினைத்து இன்று இரவெல்லாம் அழ வேண்டியதுதான்.

"இன்னும் இருக்குக்கா," என்றார் ஜெகநாதன். "நூறு கிலோமீட்டர் ஓட்டிட்டு வாங்க, இன்னொரு தடவ மாத்திப் பாக்கறேன். அப்பவும் போகலன்னா கழட்டித்தான் ஆகணும். அனுப்பறதுலேருந்து மாட்டறது வரைக்கும் என் பொறுப்பு."

உமாவுக்குச் சந்தோஷமா என்றால், இல்லை. வண்டி பிழைக்குமா என்பது இன்னும் யாருக்கும் தெரியாது. ஆனாலும் இந்த முறை அவர் மறைக்கவில்லை.

"காலைல அஞ்சரைக்கு நான் ஜெட்டியில இருக்கணும்ணே. வழியில நின்னுட்டா?"

"நாலரைக்கு சௌல்தாரி வந்துடறேன். ஸ்கூட்டர்ல உங்க பின்னாலயே வர்றேன்."

"இட்லி சாப்பிடுவீங்களா?" என்று கேட்டுக்கொண்டே அவள் வண்டியை இறக்கத்தில் விட்டாள்.