நாலாம் மாடிக் கூடை

எடை பார்க்கும் கருவிக்குக் கொஞ்சமும் ஈவிரக்கம் கிடையாது. செருப்பைக் கழற்றினேன், கழுத்துச் சங்கிலியைக் கழற்றினேன், தலைத்துணியில் குத்தியிருந்த ஊசிகளைக்கூட எடுத்து மேசையில் வைத்தேன். அப்படியும் போன மாதத்தைவிட முக்கால் கிலோ கூடுதலாகவே காட்டியது. டாக்டர் சின்னப் பெண். அவள் திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை திருப்பிக் கொடுத்திருப்பேன். திட்டவில்லை. குளிர்காலம் தொடங்கும்போது மருத்துவக் குழு கடைசியாகக் கூடும் என்றும், அதற்குள் எட்டுக் கிலோவாவது குறையாவிட்டால் என் சிறுநீரகத்தை எடுக்க யாரும் கத்தியைத் தொடமாட்டார்கள் என்றும் மெதுவாகச் சொன்னாள்.

தம்பி ஷவ்கிக்குப் பொருந்துகிற ஆள் எங்கள் குடும்பத்தில் நான் ஒருத்திதான். என் பெயரை அடித்துவிட்டால் அந்த இடத்தில் எழுத வேறு பெயர் இல்லை. டிராமில் வீடு திரும்பும்போது என் வயிற்றை நானே ஒரு தடவை கிள்ளிக்கொண்டேன். ஒரு மனுஷனின் உயிர் இதில் மாட்டிக்கொண்டு நிற்கிறதே என்று அழுகையாக வந்தது.

பகலில் என்னைப் போல ஒழுங்கான பெண்ணை அலெக்சாண்டிரியா முழுக்கத் தேடினாலும் கிடைக்கமாட்டாள். காலையில் வெள்ளரிக்காயும் கொழுப்பில்லாத பாலாடைக்கட்டியும். மதியம் வேகவைத்த கோழி, அதுவும் தோலுரித்தது. என் இரண்டு பையன்களும் பொரித்த கத்தரிக்காயை ரொட்டியில் சுருட்டி விழுங்கும்போது நான் எலுமிச்சை பிழிந்த வெந்நீரை உறிஞ்சிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். வீட்டுக்காரர் துறைமுகத்துக்கு இரவு வேலைக்குப் போய், பையன்களும் தூங்கிய பிறகுதான் ஷைத்தான் என் தோளில் ஏறுவான். அவன் ஏறுகிற நேரம் பார்த்துப் பால்கனிக் கம்பியில் கயிறு உரசும்.

இது அப்பா கட்டிய வீடு. நான் இரண்டாம் மாடி, ஷவ்கி நாலாம் மாடி. அவன் பால்கனியில் கயிறு கட்டித் தொங்கும் கூடை பகலில் தெருவரைக்கும் இறங்கி ரொட்டியும் கீரையும் வாங்கிக்கொண்டு போகும். இரவில் என் பால்கனியோடு நின்றுவிடும். உள்ளே துணி போட்டு மூடிய ஒரு தட்டு. ரவையும் தேங்காய்த் துருவலும் நெய்யும் சர்க்கரைப் பாகும் சேர்ந்து ஊறிய பஸ்பூஸா. மூன்றாம் மாடியில் வாடகைக்கு இருக்கும் வாத்தியார், அந்த வாசனை ஜன்னலைக் கடந்து போகிற நேரத்தில் தன் தூக்கம் கெடுகிறது என்று ஒருநாள் படிக்கட்டில் முறையிட்டார்.

"ஒரு துண்டுதானே அக்கா. நீ தின்னா நான் தின்ன மாதிரி" என்பான் ஷவ்கி மேலிருந்து.

வாரத்துக்கு மூன்று முறை கையில் ஊசி ஏற்றிக்கொண்டு, ரத்தத்தை இயந்திரத்துக்குக் கொடுத்து வாங்கி வருகிறவன். அவன் அனுப்பியதைத் திருப்பி அனுப்ப எந்தக் கல்நெஞ்சுக்காரிக்கு மனசு வரும்? மனசு கிடக்கட்டும், என் நாக்கும் விடாது. ஒரு துண்டு என்று தொடங்கி, தட்டில் தேங்கிய பாகை விரலால் வழித்து நக்கிவிட்டுத்தான் எழுந்திருப்பேன். பிறகு படுக்கையில் கிடந்து என்னையே சபித்துக்கொள்வேன். மறுநாள் மறுபடியும் வெள்ளரிக்காய்.

இதோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. எங்கள் ஊரில் நிறைந்து வந்த தட்டோ கூடையோ வெறுமையாகத் திரும்பக் கூடாது. அப்படி அனுப்பினால் உன் உறவே வேண்டாம் என்று முகத்தில் அடித்த மாதிரி. ஷவ்கிக்கு நான் என்ன வைப்பேன்? உப்பு ஆகாது, பேரீச்சை ஆகாது, வாழைப்பழம் ஆகாது. அவன் கேட்டது ஒன்றே ஒன்றுதான். கர்க்கதே. காய்ந்த செம்பருத்தி இதழை ஊறவைத்துச் சர்க்கரை போட்டுக் குளிரவைத்தது. தண்ணீரையே அளந்துதான் குடிக்க வேண்டும் என்று அவனுக்குச் சொல்லியிருக்கிறார்கள்; குடித்தது வெளியேற வழியில்லாமல் உடம்பிலேயே தங்கிவிடும். எனக்கு அது தெரியும். ஆனாலும் நாக்கு மரக்கட்டையாகிவிட்டது என்று அந்த இருட்டில் அவன் சொல்லும்போது கேட்கச் சகிக்காது. ஒரு கிளாஸ்தானே என்று கூடையில் நிறுத்தி வைத்து, கயிற்றை இரண்டு இழுப்பு இழுப்பேன். கூடை ஆடாமல் அசையாமல் மேலே போகும்.

எடை பார்த்துவிட்டு வந்த அன்று மதியம், ஷவ்கியின் மனைவி நஜாத் இறங்கி வந்தாள். கதவைத் தட்டிய விதமே சரியில்லை. கையில் நீலப்பூ போட்ட கண்ணாடிக் கிளாஸ். என் கல்யாணத்துக்கு வந்த ஆறில் ஒன்று. கட்டிலுக்கு அடியில் கிடந்ததாம். அடியில் சிவப்புக் கறை காய்ந்திருந்தது.

"நேத்து அவருக்கு மூச்சே விட முடியல மதினி" என்றாள். "தண்ணி எக்கச்சக்கமா ஏறியிருக்குன்னு நர்ஸுங்க என்னைப் பிடிச்சுத் திட்டுறாங்க. வீட்டுக் குழாயைப் பூட்டாத குறையா நான் காவல் காக்குறேன். நீங்க ஊத்திக் குடுத்துக்கிட்டு இருக்கீங்க."

எனக்குக் காது சூடாகிவிட்டது. அவள் இன்னும் பேசப் போனாள். அதற்குள் அவள் பார்வை என் தோளைத் தாண்டிப் பாத்திரம் கழுவும் தொட்டிக்குப் போனது. பொன் விளிம்பு வைத்த தட்டு ஒன்று அங்கே கிடந்தது. ஓரத்தில் தேங்காய்த் துருவல் ஒட்டியிருந்தது.

"அது என் தட்டாச்சே."

தட்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். மருத்துவமனையில் நர்ஸ்களுக்குப் பஸ்பூஸா கொடுக்க வேண்டும், அவர்கள் முகம் கோணாமல் பார்த்துக்கொண்டால்தான் ஊசி வலிக்காமல் குத்துவார்கள் என்று ஷவ்கி சொல்லியிருக்கிறான். இவளும் நெய்யைப் பார்க்காமல் ஊற்றிச் செய்திருக்கிறாள். இத்தனை தின்றும் ஒருத்திகூட நன்றாயிருக்கிறது என்று சொல்லவில்லையே என்று அவர்கள்மேல் அவளுக்குக் கோபம் வேறு.

என் எடை என்ன ஆயிற்று என்று கேட்டாள். கூடியிருக்கிறது என்றேன். நஜாத் கத்தவில்லை. தன் கன்னத்தில் தானே ஓங்கி ஓர் அறை அறைந்துகொண்டு சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அவரு வேணும்னே செஞ்சிருக்காரு மதினி."

நான் மறுத்தேன். ஆசையில் அனுப்பியிருப்பான், பாவம் என்றேன். சொல்லும்போதே அது நிற்காது என்று எனக்குத் தெரிந்துபோயிற்று.

மாலை அஸர் தொழுகை முடித்து வருகிற ஷவ்கி வழக்கமாக என் வாசலில் போட்டிருக்கும் நாற்காலியில் உட்கார்ந்து இளைப்பாறிவிட்டுத்தான் மேலே ஏறுவான். அன்றும் வந்து உட்கார்ந்தான். கால் இரண்டும் வீங்கி, செருப்பு வார் பதிந்த இடம் பள்ளமாகத் தெரிந்தது. நான் தட்டைக் கொண்டுபோய் அவன் மடியில் வைத்தேன். நஜாத் கிளாஸை வைத்தாள். எதுவும் கேட்கவேண்டியிருக்கவில்லை. கிளாஸின் சிவப்புக் கறையைப் பெருவிரலால் தேய்த்தான்.

"உன் கிட்னி வேண்டாம்னு நேரா சொன்னா இவ விடமாட்டா, நீயும் விடமாட்ட" என்றான். "உனக்கு ஏதாவது ஒண்ணு ஆனா உன் பசங்க முகத்துல நான் எப்படி முழிப்பேன்? டாக்டரே ஆகாதுன்னு சொல்லிட்டா யார் மேலயும் பழி இல்ல பாரு."

எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தத் தட்டை அவன் தலையிலேயே போட்டு உடைத்திருப்பேன். என் கையால் என் வாயில் அள்ளிப் போட்டுக்கொள்ள வைத்து, அவனுடைய சாவை என் தலையில் கட்டப் பார்த்திருக்கிறான். கிழவியாகும்வரை என் நாக்கால்தான் தம்பி போனான் என்று நான் மார்பில் அடித்துக்கொண்டு கிடந்திருப்பேன். பழி இல்லையாம்.

"அப்ப நான் குடுத்ததை ஏன்டா குடிச்ச?"

"தாகம் அக்கா" என்றான்.

அவ்வளவுதான். நீ ஏன் தின்றாய் என்று அவன் திருப்பிக் கேட்டிருந்தால் பசி என்று சொல்லியிருப்பேன். அது பாதிதான் உண்மை. என்னை மயக்கிப் படுக்கவைத்து விலாவுக்குக் கீழே அறுப்பார்கள் என்ற நினைப்பு வராத இரவே கிடையாது. அந்த நினைப்பின்மேல் ஒரு துண்டு பஸ்பூஸாவை வைத்தால் கொஞ்ச நேரம் அது அடங்கிக் கிடக்கும். இதை அதுவரை எனக்கே நான் சொல்லிக்கொண்டதில்லை.

"எனக்கும் பயமாத்தான்டா இருக்கு" என்றேன். "பயத்தோடயே குடுக்கிறேன். நீயும் பயத்தோடயே வாங்கிக்க."

தட்டையும் கிளாஸையும் நாற்காலியிலேயே வைத்துவிட்டு அவன் எழுந்தான். நஜாத்தின் தோளைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறிப் போனான்.

அன்று இரவு எனக்குப் பசி வயிற்றைப் பிடுங்கியது. பையன்கள் மிச்சம் வைத்த ரொட்டி அடுப்பு மேலே இருந்தது. அதன் பக்கம் போகக் கூடாது என்று பால்கனியில் போய் நின்றேன். கீழே காப்பிக் கடையில் பகடை உருட்டும் சத்தம். கூடை வராது என்றுதான் நினைத்தேன். வந்தால் என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியவில்லை, அதுதான் என் பெரிய பயமாக இருந்தது. கயிறு உரசியது. வாயில் எச்சில் ஊறியதை மறைத்து என்ன பயன், ஊறத்தான் செய்தது.

துணியை விலக்கிக் கையை விட்டேன். தட்டு இல்லை. இந்த மூலை, அந்த மூலை எல்லாம் தடவிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. ஒரே ஒரு தேங்காய்த் துருவல் விரலில் ஒட்டியது, பழையது. அதை வாய்வரைக்கும் கொண்டுபோய்விட்டு உடுப்பில் துடைத்தேன். அண்ணாந்து பார்த்தேன். அவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான், பேசவில்லை. வாங்கிக்கொள்கிறேன் என்று அவன் சொன்னது அப்படித்தான்.

குளிர்பெட்டியில் கர்க்கதே ஒரு ஜாடி நிறைய இருந்தது. அவன் தொண்டை எப்படிக் காய்ந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். கை பழக்கத்தில் கிளாஸைத் தேடிக்கூட நகர்ந்தது. குளிர்காலத்துக்குள் எட்டுக் கிலோ இறங்குமோ இறங்காதோ, அதுவரை அவன் கால் வீங்காமல் இருக்குமோ இருக்காதோ, எதுவும் எனக்குத் தெரியாது. கூடைக்குள் எதையும் வைக்காமல் துணியை மடித்து மூடினேன்.

கயிற்றை இரண்டு இழுப்பு இழுத்தேன். அப்பா கட்டிய வீட்டில் முதல் தடவையாக ஒரு கூடை காலியாக மேலே போயிற்று.