பார்சிப்பனியில் ஒரு ஜப்பான் டூயட்

ராமசுப்ரமணியனுக்குப் பாட்டு வரும் என்பது ஈஸ்ட் பிரன்ஸ்விக் முழுக்கத் தெரியும். தெரியாதவர்களுக்கு அவனே தெரியப்படுத்திவிடுவான். நவராத்திரிக் கொலுவில் பெண்களைப் பாடச் சொல்வதுதான் வழக்கம். அங்கேயும் இவன் ஜமக்காளத்தில் சம்மணம் போட்டுத் தொண்டையைக் கனைத்துக்கொள்வான். தப்பித் தவறி யாராவது ஜலஜாவைப் பார்த்து, "நீங்க ஒண்ணு பாடுங்கோளேன்" என்றால், அவள் வாயைத் திறப்பதற்குள் புருஷனிடமிருந்து பதில் வந்துவிடும்.

"அவ சுண்டல் டிபார்ட்மென்ட், மாமி. ஆம்பளைக் குரல். பொம்மையெல்லாம் பயந்துக்கும்."

எல்லோரும் சிரிப்பார்கள். ஜலஜாவும் சிரிப்பாள். கல்யாணமான நாளிலிருந்து அப்படிச் சிரித்துப் பழகிவிட்டாள்.

பார்சிப்பனியில் அவன் வேலை பார்த்த மருந்துக் கம்பெனி ஜப்பான்காரர்களுடையது. தொண்ணூற்றேழில் அங்கே டைரக்டராக வந்த நகஹாராவுக்கு உலகத்தில் ஒரே ஒரு பைத்தியம், கரோக்கே. மெஷின் இசையைப் போடும், திரையில் ஓடும் வரியைப் பார்த்து மைக்கில் நாம் பாட வேண்டும். அதிலும் ஆணும் பெண்ணும் மாறி மாறிப் பாடுகிற காதல் டூயட்டுகள். மழை பெய்யும், கப்பல் கிளம்பும், இரண்டு பேரும் பிரிவார்கள். எல்லாப் பாட்டிலும் இதே கதைதான். அவ்வப்போது சனிக்கிழமை சாயங்காலம் ஃபோர்ட் லீயில் ஒரு ஹாலை எடுத்து, ஆபீஸ்காரர்களைத் தம்பதியாக வரவழைத்து ஜோடியாகப் பாட வைப்பார். கிரீன் கார்டு பேப்பரை மேலே அனுப்ப வேண்டியவரும் அவர்தான். ஆகவே ராமசுப்ரமணியன் ஒரு ஜப்பானியக் கேசட்டோடு வீட்டுக்கு வந்தான்.

"கேட்டத அப்படியே ஒப்பிச்சுடு. ரொம்ப சத்தம் வேண்டாம். மத்தத நான் பாத்துக்கறேன்" என்றான்.

மகள் ஷ்ரேயா ஸ்கூலுக்குப் போன பிறகு ஜலஜா அதைச் சமையலறையில் போட்டுக் கேட்டாள். ஒரு வார்த்தை புரியவில்லை. ஆனால் அந்தப் பெண் தாழ்வாக, கரகரப்பாக, அழுது ஓய்ந்த பிறகு பேசுகிற மாதிரி பாடினாள். ஜலஜா கற்றுக்கொள்ளப் பார்த்த பாட்டெல்லாம் இதுவரை அவளைப் பரண்மேல் ஏறச் சொன்னவை. இது அவள் நின்ற தரையிலேயே இருந்தது. ரசத்தை இறக்க மறந்து பாடிக்கொண்டிருந்தாள்.

ஃபோர்ட் லீ ஹாலின் திரையில் ஆணின் வரி நீலத்திலும் பெண்ணின் வரி ரோஸிலும் ஓடும். எழுத்து தெரியாவிட்டாலும் கலரைப் பார்த்துப் பாடிவிடலாம். ராமசுப்ரமணியன் நீலத்தை எடுத்தான். எடுத்தவன் விட்டானா? கமகம் போட்டான், பிருகா போட்டான், ஒரு வரியை மூன்று தரம் சுற்றிக்கொண்டு வந்தான். நகஹாரா எழுந்து போய் மெஷினைத் தட்டிப் பார்த்தார்.

பிறகு ரோஸ் வந்தது. ஜலஜா பாடினாள். ஹாலில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நகஹாரா மெல்ல வந்து, பலமுறை குனிந்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, ராமசுப்ரமணியன் கையிலிருந்த மைக்கை வாங்கி அவனை நாற்காலியில் உட்கார வைத்தார். மீதிப் பாட்டை அவரும் ஜலஜாவும் பாடி முடித்தார்கள். நகஹாராவின் மனைவி ஓடி வந்து ஜலஜாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "சோகமான குரல். ரொம்ப நல்ல குரல்" என்று இங்கிலீஷில் சொன்னாள். ஜலஜா சந்தோஷத்தில் அந்தக் கையை விடாமல் குலுக்கிக்கொண்டிருந்தாள்.

திரும்பும்போது காரில் அவன், "இவாளுக்கு சங்கீதத்தப் பத்தி என்ன தெரியும்? காக்கா கத்தினாலும் கை தட்டுவா" என்றான்.

மறுவாரம் திருமதி நகஹாரா போன் பண்ணினாள். நவம்பரில் ஒசாகாவிலிருந்து சேர்மன் வருகிறார், பார்சிப்பனியிலேயே விருந்து இருக்கிறது, அதே பாட்டை நகஹாராவோடு ஜலஜா பாட வேண்டும். ஜலஜாவுக்கு அன்றிலிருந்து வேறு நினைப்பே இல்லை. பாத்திரம் தேய்க்கும்போது பாடினாள், துணி மடிக்கும்போது பாடினாள். "அம்மா, யூ ஆர் ஆக்சுவலி குட்" என்று ஷ்ரேயாவே சொன்னாள். ராமசுப்ரமணியன் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தான். புருஷன் சும்மா இருந்தால் சம்மதம் என்று அவள் எடுத்துக்கொண்டாள், பாவம்.

விருந்தன்று மாம்பழக் கலர் பட்டுப் புடவை கட்டிக்கொண்டு போனாள். வாசலிலேயே திருமதி நகஹாரா கண்ணீரோடு ஓடி வந்து தன் உதட்டில் விரலை வைத்தாள். தன் பட்டு ஸ்கார்ஃபைக் கழற்றி ஜலஜாவின் கழுத்தில் சுற்றினாள். "நோ டாக்கிங், ப்ளீஸ்" என்றாள்.

ஜலஜா புருஷனைப் பார்த்தாள். அவன் சிரித்த முகத்தோடு, தமிழில், தாழ்ந்த குரலில் சொன்னான்.

"உனக்குத் தொண்டைல கட்டி, ஆபரேஷன் பண்ணணும், குரல் போயிடும்னு சொல்லி வெச்சிருக்கேன். பேசாம உக்காரு. வாயத் திறந்தியோ, நான் பொய்யன் ஆயிடுவேன். கிரீன் கார்டும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. மூட்டையக் கட்டிண்டு மாம்பலம் போக வேண்டியதுதான்."

"ஏன்னா இப்படிப் பண்ணினேள்?"

"அன்னிக்கு நாலு பேர் முன்னாடி அந்த நகஹாரா என்னை உக்கார வெச்சானே, அப்ப நீ மைக்க வெச்சுட்டு எறங்கி வந்திருக்கணும்."

ஜலஜா உட்கார்ந்தாள். சாப்பாடு வந்தது, போனது. வந்தவர்கள் எல்லோரும் அவளைப் பார்த்து ஒருமுறை குனிந்துவிட்டுப் போனார்கள்.

பிறகு ராமசுப்ரமணியன் மேடை ஏறினான். பக்கத்தில் இன்னொரு மைக்கை ஸ்டாண்டில் காலியாக நிற்க வைத்தான். இனிமேல் பாட முடியாத தன் மனைவிக்காக இந்தப் பாட்டு என்றும், அவள் வரி வரும்போது தான் மௌனமாக இருக்கப் போவதாகவும் இங்கிலீஷில் சொன்னான். ஆபீஸில் யாரிடமோ ரகசியமாகப் பாடம் கேட்டிருக்க வேண்டும். கமகம் இல்லை, பிருகா இல்லை, சுத்தமாகப் பாடினான். ரோஸ் எழுத்து வந்தபோது தலையைக் குனிந்து நின்றான். வெறும் இசை போயிற்று. பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். சேர்மன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

தன்னுடைய வரிகள் திரையில் யாருமில்லாமல் ஓடுவதை ஜலஜா பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஆத்திரம் வந்தது. கல்யாணமானதிலிருந்து வராத ஆத்திரமெல்லாம் சேர்ந்து வந்தது. கிரீன் கார்டு போகட்டும், மாம்பலமே போவோம், இவன் பொய்யன் என்று இத்தனை பேருக்கும் தெரியட்டும். அடுத்த ரோஸ் வந்ததும் ஸ்கார்ஃபை அவிழ்த்துப் போட்டுவிட்டு எழுந்து, மைக் இல்லாமல், முழுக் குரலில் பாடினாள்.

ராமசுப்ரமணியன் முகம் வெளுத்தது. அடுத்த நீல வரியை விட்டுவிட்டான். அதைப் பார்த்து அவள் இன்னும் நன்றாகப் பாடினாள்.

சேர்மன் எழுந்து நின்றார். அவரைத் தொடர்ந்து ஹாலே எழுந்தது. எல்லோர் கண்ணிலும் தண்ணீர். இவர்கள் ஏன் அழுகிறார்கள் என்று ஜலஜாவுக்குப் புரியவில்லை. திருமதி நகஹாரா ஓடி வந்து இரண்டு கையாலும் அவள் வாயைப் பொத்தியபோதுதான் புரிந்தது.

"போதும், போதும். அவருக்காக உயிரை விடாதே. உன் அன்பு அவருக்குத் தெரியும்" என்று தேம்பினாள்.

ஜலஜா அந்தக் கையைப் பிடித்து விலக்கினாள். "எனக்கு ஒண்ணும் இல்லை. கட்டியே கிடையாது. இவர் பொய் சொல்றார்" என்று தெளிவான இங்கிலீஷில் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். அவர்கள் இன்னும் அழுதார்கள்.

ராமசுப்ரமணியனுக்கு ரத்தம் திரும்பி வந்துவிட்டது. மைக்கோடு மேடையை விட்டு இறங்கி வந்து அவள் தோளில் கையைப் போட்டான். பத்துப் பேர் பார்க்க அவன் அவளைத் தொட்டது அதுதான் முதல் தடவை. மைக்கில் பெருமூச்சு விட்டுக்கொண்டு, "வீட்டிலும் இப்படித்தான் சொல்கிறாள். அவளால் இன்னும் நம்ப முடியவில்லை" என்றான்.

சேர்மன் அவனுக்குக் குனிந்து வணக்கம் சொன்னார். திருமதி நகஹாரா கீழே கிடந்த ஸ்கார்ஃபை எடுத்து, இனி அவிழாதபடி, அவள் கழுத்தில் முடிச்சுப் போட்டாள்.