டாலருக்கு ஒரு அடி

ப்ரானிகன் வாயைத் திறந்தால் போர்தான். ஜப்பான்காரன் அன்றைக்குக் குண்டு போட்டான், இன்றைக்குக் கார் விடுகிறான், இரண்டும் ஒன்றுதான் என்று எங்கள் யூனியன் ஹாலில் மேசையைத் தட்டித் தட்டிப் பேசுவான். அவன் எந்தப் போருக்கும் போனவன் இல்லை. பாதம் தட்டை என்று டாக்டர் திருப்பி அனுப்பிவிட்டார். அந்தத் தட்டைப் பாதத்தோடுதான் சங்கத் தலைவர் நாற்காலி வரைக்கும் நடந்து போனான்.

என் புருஷன் செஸ்டர் நிஜமாகவே ஜப்பானின் ஒகினாவா தீவில் சண்டை போட்டவர். அவர் வாயைத் திறக்கமாட்டார். அங்கே என்ன பார்த்தீர்கள் என்று கல்யாணமான புதிதில் ஒருமுறை கேட்டேன். "சாப்பாடு மோசம்" என்றார். அதோடு சரி. ப்ரானிகன் பேசும்போது மட்டும் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டுவார். போகாதவன் கதை அளக்கிறான், போனவர் ஆமாம் போடுகிறார். பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

1982ஆம் வருஷம் அது. மிச்சிகனில் எங்கள் ஊருக்கு இருந்த ஒரே பிழைப்பு கார் தொழிற்சாலை. அங்கே ஒரு ஷிஃப்டையே மூடிவிட்டார்கள். செஸ்டருக்கும் வேலை போனது, எனக்கும் போனது. நான் கதவு மாட்டும் வரிசையில் நின்றவள். அதனால் தைரியமாகச் சொல்கிறேன், எங்கள் வண்டி மட்டம். கதவு பொருந்தவில்லையென்றால் ரப்பர் சுத்தியலால் நாலு போடு போட்டுப் பொருத்துவோம். அப்படியும் பொருந்தவில்லையென்றால் ஃபோர்மன் வந்து பார்த்துவிட்டு, போகட்டும் விடு என்பார். மேலே கோட்டு சூட்டுப் போட்டவர்களுக்கு எண்ணிக்கை வேண்டும், அவ்வளவுதான். கடுப்பில் எவனாவது காலி பீர் பாட்டிலைக் கதவுக்குள்ளே போட்டு மூடிவிடுவான். காசு கொடுத்து வாங்கினவன் எங்கிருந்து இந்தச் சத்தம் வருகிறது என்று ஆயுசுக்கும் தேடவேண்டியதுதான். இதையெல்லாம் செய்தது ஜப்பான்காரன் இல்லை.

ஆனால் ஊரில் அதைச் சொல்லமுடியாது. போன தேர்தலில் யூனியன் பேச்சைக் கேட்காமல் பாதிப் பேர் ஜனாதிபதிக்கு நின்ற அந்தச் சினிமாக்காரருக்கு ஓட்டுப் போட்டிருந்தார்கள், செஸ்டரும் சேர்த்துத்தான். நாட்டை மறுபடி நிமிர்த்துவார் என்றார்கள். வேலை போனபிறகு வாஷிங்டனைத் திட்ட அவர்களுக்கு வெட்கமாக இருந்தது. தங்களைத் திட்டிக்கொள்ள மனசு வரவில்லை. கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு எதிரி கிடைத்ததும் எல்லாருக்கும் நிம்மதியாகிவிட்டது.

எங்களுக்கு ஒரே பெண், ராபர்ட்டா. பக்கத்து நகரத்து ஆஸ்பத்திரியில் நர்ஸ், எப்போதும் ராத்திரி டியூட்டி. முதலில் எங்கள் தொழிற்சாலையில் செய்த காரைத்தான் வைத்திருந்தாள். அது போன குளிர்காலத்தில் நெடுஞ்சாலை நடுவில் நின்றுபோனது. பனியில் விரல் விறைத்துப்போய், லாரிக்காரன் ஒருவன் தயவில் வீடு வந்து சேர்ந்தாள். அடுத்த வாரமே பழைய ஜப்பான் கார் ஒன்றை வாங்கினாள். கடுகு நிறத்தில் சின்னதாக இருந்தது.

செஸ்டர் அந்தக் காரைப் போய்ப் பார்க்கக்கூட இல்லை. அது என் வாசலில் நிற்கக்கூடாது என்றார், அவ்வளவுதான். என்ன நிறம் என்றுகூடக் கேட்கவில்லை.

எங்கள் ஊரில் இது ஒன்றும் புதிதில்லை. யூனியன் ஹால் வாசலில் பெரிய பலகையே வைத்திருந்தார்கள், வெளிநாட்டு வண்டி உள்ளே வந்தால் இழுத்துப் போடப்படும் என்று. அதனால் அப்படி ஒன்றை வாங்கினவர்கள் எல்லாரும் வீட்டிலிருந்து தள்ளி, மளிகைக் கடைக்குப் பின்னால், மாமியார் வீட்டுக் கொட்டகையில், எங்கேயாவது ஒளித்து நிறுத்தினார்கள். யாருடைய கார் எது என்று யாருக்கும் தெரியாது. கேட்டால் எங்கள் ஊரில் அந்த மாதிரிக் காரே கிடையாது என்பார்கள். ராபர்ட்டா இரண்டு தெரு தள்ளி இருக்கிற லூதரன் சர்ச்சில் பாதிரியாரிடம் கேட்டு நிறுத்திக்கொண்டாள். நாங்கள் போலந்திலிருந்து வந்த கத்தோலிக்கர்கள், லூதரன்கள் எங்களுக்கு வேற்றுச் சபை. சொந்த அப்பன் கொடுக்காத இடத்தை லூதரன் பாதிரியார் கொடுத்தார்.

காலையில் டியூட்டி முடிந்து, அசந்துபோய், அங்கிருந்து நடந்து வருவாள். டெக்ஸாஸில், ஹூஸ்டனில், ஒரு ஆஸ்பத்திரி அவளை வேலைக்குக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. ஊரில் பாதி இளசுகள் ஏற்கெனவே அங்கே போய்விட்டிருந்தார்கள். ஆகஸ்ட் மாசம் அவள் என்னிடம் சொன்னாள்:

"அம்மா, வர்ற பனியிலயும் சர்ச்சுலேர்ந்துதான் நடக்கணும்னா நான் கெளம்பிடுவேன். சும்மா மெரட்டறேன்னு நெனைக்காத."

கொஞ்சம் பொறுடி, அப்பாவிடம் நான் பேசுகிறேன் என்றேன். பேசினேன். பேப்பரைப் பார்த்துக்கொண்டே கேட்டார். பிறகு ப்ரானிகன் என்ன நினைப்பான் என்றார். பெண் என்ன நினைப்பாள் என்று ஒரு வார்த்தை வரவில்லை. இருந்தாலும் பனி விழுவதற்குள் மனுஷன் இறங்கி வந்துவிடுவார் என்று நம்பிக்கொண்டிருந்தேன். அவள் போய்விட்டால் இந்த வீட்டில் நானும் இந்த ஊமையும்தான்.

செப்டம்பரில் எங்கள் நாட்டு உழைப்பாளர் தினம் வந்தது. வருஷா வருஷம் யூனியன் ஹால் மைதானத்தில் எல்லாக் குடும்பமும் கூடிச் சாப்பிடுவோம். அந்த வருஷம் ப்ரானிகன் புதிதாக ஒன்று ஏற்பாடு செய்திருந்தான். ஒரு ஜப்பான் காரைக் கொண்டுவந்து நடுவில் நிறுத்துவார்கள். ஒரு டாலர் கொடுத்தால் சம்மட்டியால் ஒரு அடி. வசூலாவது வேலை இழந்தவர்கள் வீட்டு மளிகைச் செலவுக்கு. அக்கம்பக்கத்து ஊர்களிலும் அப்போது இதே கூத்துதான். குழந்தைகள் பார்க்கிற இடத்தில் என்ன இது என்று நான் கேட்டதற்கு, எல்லாருக்கும் மனசு ஆறும் என்றான் ப்ரானிகன்.

பழைய இரும்புக் கடைக்காரன் தருவதாகச் சொன்ன ஓட்டை வண்டியை முந்தின நாளே நசுக்கி விற்றுவிட்டான். ப்ரானிகன் ஊரெல்லாம் நோட்டீஸ் ஒட்டிவிட்டிருந்தான். எங்கிருந்தாவது ஒன்று கொண்டுவாங்கடா என்று ஆளை அனுப்பினான். லூதரன் சர்ச் ஓரத்தில் ஒன்று பல மாசமாகப் பகலெல்லாம் அப்படியே நிற்கிறது, யாரோ வெளியூர்க்காரன் போட்டுவிட்டுப் போனது என்று அவர்களுக்குப் பட்டது. பாதிரியார் விடுமுறைக்கு ஏரிப் பக்கம் போயிருந்தார். இழுவை வண்டியை மாட்டி இழுத்து வந்துவிட்டார்கள். நம் ஊரில் யார் இதை வைத்திருக்கப்போகிறார்கள் என்று ஒருவரும் யோசிக்கவில்லை.

நான் அப்போது ஹாலுக்குள்ளே உருளைக்கிழங்கு சாலட் பரிமாறிக்கொண்டிருந்தேன். வெளியே ப்ரானிகன் மைக்கில், முதல் அடி நம்ம ஒகினாவா வீரர் செஸ்டர் பாவ்லாக்குக்கு, இலவசம் என்று அறிவித்தது காதில் விழுந்தது. கைதட்டினார்கள். பிறகு கண்ணாடி உடைந்தது. கூட்டம் ஹோவென்று கத்தியது. இந்த மனுஷன் என்ன கோமாளி வேஷம் கட்டுகிறார் பார்க்கலாம் என்று கரண்டியோடு வெளியே வந்தேன்.

கடுகு நிறம். கூரை மேலே ஜப்பான் கொடியில் இருப்பதுபோலச் சிவப்பு பெயிண்ட்டில் பெரிய வட்டம் போட்டிருந்தார்கள். முன் கண்ணாடி நொறுங்கி உள்ளே விழுந்திருந்தது. உள்ளே பின்பக்கம் பார்க்கிற சின்னக் கண்ணாடியில், வழித்துணைக்கென்று நான் வாங்கிக் கொடுத்த புனித கிறிஸ்டோபர் பதக்கம் ஆடிக்கொண்டிருந்தது.

"நிறுத்துங்க" என்றேன். யாருக்கும் கேட்கவில்லை. கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய் செஸ்டரின் சட்டையைப் பிடித்தேன். "அது ராபர்ட்டா கார். உங்க பொண்ணு கார்."

சுற்றி நின்றவர்கள் அமைதியானார்கள். செஸ்டர் சம்மட்டியை இறக்கினார். அந்த நிமிஷம் அவர் அதைக் கீழே போட்டிருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும். தெரியாமல் நடந்த தப்பு, புதுக் கண்ணாடி போட்டால் தீர்ந்தது.

ப்ரானிகன் மைக்கை விடவில்லை.

"செஸ்டர், உன் வீட்டுலயே ஒண்ணு வெச்சிருக்கியாமே. பரவால்ல, அப்ப உனக்கு ரெண்டாவது அடியும் இலவசம்."

கூட்டம் சிரித்தது. கூட வேலை பார்த்தவர்கள், கல்யாணம் கருமாதிக்கு வந்து போகிறவர்கள், எல்லாரும் சிரித்தார்கள். செஸ்டரின் காது சிவந்தது. என்னைப் பார்க்கவில்லை. அவர்களைப் பார்த்தார். சம்மட்டியைத் தலைக்கு மேலே தூக்கி, பானெட் நடுவில் இறக்கினார். முதல் அடியைவிடப் பலமாக.

கைதட்டல் இன்னும் பெரிதாக வந்தது. எனக்கு அந்த மைதானத்தில் இருந்த ஒவ்வொருவரையும் கரண்டியாலேயே அடிக்கவேண்டும் போல இருந்தது. என் புருஷனை முதலில்.

அப்போதுதான் ராபர்ட்டா வந்தாள். தூங்கி எழுந்து, வெள்ளை யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு டியூட்டிக்குக் கிளம்பியவள், சர்ச்சில் காரைக் காணாமல், இழுத்துப்போன தடத்தைப் பார்த்து, சத்தம் வந்த பக்கம் நடந்து வந்திருக்கிறாள். அவளைக் கண்டதும் கூட்டம் தானாக ஒதுங்கி வழிவிட்டது. காரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். அழவில்லை.

"அடிச்சு முடிச்சாச்சா? எனக்கு டியூட்டிக்கு நேரமாச்சு."

செஸ்டர் சம்மட்டியைக் காலுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். "உன்னோடதுன்னு தெரியாதும்மா."

"வேற யாரோ வீட்டுப் பொண்ணோடதுன்னா அடிக்கலாமா?"

ப்ரானிகன் மைக்கை இறக்கிவிட்டு, யாருடையதும் இல்லை என்று நினைத்துவிட்டோம், சர்ச்சில் அனாதையாக நின்றது என்று இழுத்தான்.

"நிறுத்த விட்ட எடத்துலதான் நின்னுச்சு" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "அம்மா, நெஜமாவே அவருக்குத் தெரியாதா?"

செஸ்டர் இப்போது என்னைப் பார்த்தார். கல்யாணத்துக்குப் பிறகு அவர் என்னிடம் எதையுமே கெஞ்சிக் கேட்டதில்லை. அப்போது கண்ணாலேயே கெஞ்சினார். ஆமாம், பாவம், தெரியாது என்று சொன்னால் போதும். அவள் நம்புவாள். கோபம் ஆறும். பனி விழுகிறபோதும் அவள் என் வீட்டில் இருப்பாள். அவளை இருக்கவைக்க ஒரு பொய்தான் வேண்டியிருந்தது. அது என் நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

சுற்றிப் பார்த்தேன். ஊர் மொத்தமும் நான் அந்தப் பொய்யைச் சொல்லவேண்டும் என்று காத்துக்கொண்டிருந்தது. போகட்டும் விடு என்று எல்லார் முகத்திலும் எழுதியிருந்தது.

"மொத அடி தெரியாம அடிச்சார்" என்றேன். "ரெண்டாவது தெரிஞ்சுதான்."

ராபர்ட்டா தலையை ஆட்டினாள். ஒரு பேப்பர் தட்டை எடுத்து, ஸீட்டில் கிடந்த கண்ணாடித் துண்டுகளைத் தள்ளினாள். இழுவைச் சங்கிலியைக் கழற்றச் சொன்னாள். ப்ரானிகனின் ஆட்களே மண்டியிட்டுக் கழற்றினார்கள். உட்கார்ந்து சாவியைத் திருப்பினாள். ஒரே திருப்பில் வண்டி கிளம்பியது.

"ஒரு அடிகூட வாங்காத என் வண்டியே இப்படிக் கெளம்பாது" என்றார் வெல்டிங் பகுதிக் கிழவர் ஒருவர். யாரும் சிரிக்கவில்லை.

நான் ஜன்னல் பக்கம் போனேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "துணியெல்லாம் பெட்டியில போட்டு வைம்மா. காலைல வந்து எடுத்துக்கறேன். ஹூஸ்டனுக்கு வரேன்னு இன்னிக்கே சொல்லிடப்போறேன்." கையை விட்டுத் தள்ளி நின்றேன். முன் கண்ணாடி இல்லாமல், காற்றுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, ஹால் வாசல் பலகையைத் தாண்டி மெதுவாக ஓட்டிப் போனாள்.

ப்ரானிகன் மறுபடி மைக்கைப் பிடித்து, ஸாஸேஜ் சூடாக இருக்கிறது, எல்லாரும் சாப்பிட வாங்க என்றான். போனார்கள். சாப்பிடவும் செய்தார்கள். நடு மைதானத்தில் கண்ணாடித் தூளும் செஸ்டரும் நானும் மிச்சம்.

"ஏன்டி சொன்ன?" என்றார்.

"நீங்க ஏன் அடிச்சீங்க?"

சம்மட்டியின் கைப்பிடியைப் பார்த்தார். ஒகினாவாவைப் பற்றிக் கேட்டபோது இருந்த அதே முகம். மறுபடியும் சாப்பாட்டைப் பற்றி ஏதாவது சொல்லித் தப்பித்துவிடுவார் என்று நினைத்தேன்.

"எல்லாரும் பாத்துக்கிட்டு இருந்தாங்க, இர்மா."

"நானும்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்" என்றேன்.